மறியலுக்கு முன்வரிசை, பேச்சுவார்த்தைக்கு வாசற்படியா?



கொள்முதல் நிலையத்தைத் திற என்று மறியல் செய்தாலும் சரி, கடைமடைக்குத் தண்ணி வரலைன்னு முற்றுகை போட்டாலும் சரி, ரோட்டில் முதலில் உட்காருவது பெண்கள்தான். போலீஸ் வேனில் முதலில் ஏற்றப்படுவதும் அவர்கள்தான். ஆனால் தாசில்தார் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டால் உள்ளே போறது யாரு? வேட்டி கட்டிய ஐந்து பேர். பெண்கள் வேப்பமரத்தடியில் காத்துக் கிடக்கணும். இது என்ன நியாயம்?

கேட்டால், "அவங்களுக்குப் படிப்பு இல்லை, பேச வராது" என்கிறார்கள். மதுரை மாவட்டம் பில்லுச்சேரி சின்னப்பிள்ளைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அன்றாடம் கூலிக்குப் போனவர். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்களுக்குக் கொத்துத் தலைவியாக நின்று நிலக்காரர்களிடம் கூலி பேசினார். பிறகு களஞ்சியம் மகளிர் குழுக்களைக் கட்டி, கந்துவட்டிக்காரனிடம் கையேந்தும் நிலையை மாற்றப் பாடுபட்டார். 2001-ல் டெல்லியில் ஸ்திரீ சக்தி விருது கொடுத்த பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவரைத் தலைவி ஆக்கியது பள்ளிக்கூடமா? கூட நின்ற பெண்களுக்காக வாய் திறந்து கேட்டதுதானே!

ஆகவே 'பேச வராது' என்பது சாக்கு. வேர் பட்டாவில் இருக்கு. நாற்றுப் பறிப்பதிலிருந்து மாட்டுக்குத் தண்ணி காட்டுவது வரை பெண் பாடு. ஆனால் சிட்டாவில் ஆண் பெயர். கூட்டுறவுக் கடன், வெள்ள நிவாரணம், நெல் போட்ட பணம் எல்லாம் அந்தப் பெயருக்கே. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று 1989-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. 2005-ல் நாடு முழுக்க வந்தது. இருந்தும் 2015-16 வேளாண் கணக்கெடுப்பில், நாட்டில் நிலம் வைத்துப் பயிர் செய்பவர்கள் 100 பேரில் சுமார் 14 பேர்தான் பெண்கள். கீழத்தஞ்சையில் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு நிலம் வாங்கித் தந்தபோது பெண்கள் பேரில் பதிவு செய்தார். காரணம் இதுதான். பேரில் நிலம் இருந்தால் குரலுக்கு மதிப்பு வரும்.

உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீதம் என்று 2016-ல் சட்டம் வந்தது. ஆனால் பதவி மனைவிக்கு, நாற்காலி புருஷனுக்கு என்றால் அது தலைமையா? சர்க்கார் கொடுத்த இடத்தையே பறிக்கிற பழக்கம் சங்கத்துக்குள் நுழையக் கூடாது.

எனவே வலியுறுத்துகிறோம்:

1. குடும்ப நிலத்துக்குக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் கூட்டுப் பட்டா வேண்டும்.

2. வீட்டுக்கு ஒரு ரசீது போதாது; பெண்களுக்குத் தனி உறுப்பினர் ரசீது போட வேண்டும்.

3. கிளை நிர்வாகத்திலும் பேச்சுவார்த்தைக் குழுவிலும் சரிபாதி பெண்கள் இருக்க வேண்டும்.

இது தாய்மார்களுக்குச் செய்யும் உபகாரம் அல்ல தோழர்களே. பாதிப் பேரை வாசலில் நிறுத்திவிட்டு எந்தச் சங்கமும் முழுப் பலத்தோடு பேச முடியாது.

உழுபவள் பெயரும் பட்டாவில் ஏறட்டும்!
போராடுபவள் மேஜையிலும் அமரட்டும்!

— செயலாளர்