தேரைக்கு எந்த நீர்?

மழை தொடங்கிவிட்டால் நம் விடுதிக்கு அழையாத விருந்தாளிகள் சிலர் வந்து சேர்கின்றனர். குளியலறைச் சுவரிலும் வாளியின் விளிம்பிலும் சன்னல் கம்பியிலும் ஒட்டிக்கொண்டு, பெரிய கண்களை விழித்தபடி அமர்ந்திருக்கும் மரத்தேரைகளையே சொல்கிறேன். அவற்றைக் கண்டு அலறி ஓடுவோர் ஒரு கூட்டம். துடைப்பத்தை எடுத்து விரட்டுவோர் மற்றொரு கூட்டம். இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது கூட்டம் ஒன்று அண்மையில் பெருகி வருகிறது. தேரையைப் பிடித்துக் கண்ணாடிச் சாடியில் இட்டு வளர்ப்போர் அவர்கள். முதல் இரு கூட்டத்தாரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவர்களிடமிருந்து தேரை எப்படியோ பிழைத்துக்கொள்ளும். அன்போடு வளர்ப்பவரிடந்தான் அது பிழைப்பதில்லை. அந்த அன்பர்களை நோக்கியே இக்கட்டுரை.

இந்தத் தேரை நமக்குப் புதியதன்று. நம் ஊர்களில் தண்ணீர்ப் பானையின் அடியில் குளிர்ச்சி தேடி ஒடுங்கியிருந்த அதே உயிர்தான் இந்த ஐதராபாத்தின் பாறை நிலத்திலும் வாழ்கிறது. பாலிபிடேட்டஸ் மாக்குலேட்டஸ் என்பது அறிவியலார் இட்ட பெயர். வெள்ளையடித்த சுவர்களில் இதனைக் கண்ட ஆங்கிலேயர் 'சுணாம் தவளை' என்றனர். அந்தச் 'சுணாம்' வேறொன்றுமன்று, சுண்ணாம்பே. நிலத்தில் தத்தித் திரியும் சொரித்தவளையையும் நம்மவர் தேரை என்பதுண்டு. நான் இங்கே பேசுவது விரல் நுனியில் வட்டத் தட்டுகள் கொண்டு, சுவரேறும் மரத்தேரையைப் பற்றி மட்டுமே.

தேரை மோந்த தேங்காய் என்றும், தேரை விழுந்த குழந்தை என்றும் இதன்மேல் நாம் சுமத்திய பழிகள் பல. தேங்காய் வற்றுவதற்கும் குழந்தை மெலிவதற்கும் காரணங்கள் வேறு என்பதைப் படித்தவர் அறிவர். தேரையால் நமக்குக் கேடு இல்லை. நம்மால் தேரைக்கு வரும் கேடே மிகுதி. அக்கேடு பெரும்பாலும் நீரின் வழியாகவே வருகிறது.

சென்ற ஆண்டு எங்கள் தளத்தில் இரண்டு சாடிகள் இருந்தன. இரண்டிலும் பூச்சிகளுக்குக் குறைவில்லை. விளக்கடியில் விழும் ஈசல்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து போட நண்பர்கள் போட்டியிட்டனர். ஒரு சாடியில் குழாய் நீர். மற்றதில் தாழ்வாரத்துக் குடிநீர் இயந்திரத்தின் நீர். சாடிகளை வாரம் ஒருமுறை சோப்புத்தூள் இட்டுப் பளபளவென்று கழுவினர். இரண்டு தேரைகளும் இரண்டு வாரம் தாண்டவில்லை. "நாம் குடிக்கும் நீரைத்தானே கொடுத்தோம்!" என்று வருந்தினார் ஒரு நண்பர். அவர் சொன்னது உண்மை. இடரும் அங்கேதான் இருக்கிறது.

தேரை வாயால் நீர் குடிப்பதில்லை. தோலால் குடிக்கிறது. அடிவயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் உள்ள மெல்லிய தோலை ஈரத்தில் படியவைத்து அமர்ந்தால் போதும். நீர் தானே உள்ளே செல்லும். மூச்சிலும் ஒரு பங்கு அதே தோலின் வழியாகவே நடைபெறுகிறது. நம் தோல் நமக்குக் கோட்டைச் சுவர். தேரைக்கோ அது திறந்த வாயில். நீரில் கலந்திருப்பது எதுவாயினும் அவ்வாயிலில் அதனைத் தடுத்து நிறுத்தக் காவலர் இல்லை.

முதலில் குழாய் நீரைப் பார்ப்போம். நகரக் குடிநீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் சேர்க்கின்றனர். நம் நாட்டுக் குடிநீர்த் தரமாகிய ஐ.எஸ். 10500, ஒரு லிட்டரில் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. நமக்கு அது காப்பு. நாள் முழுதும் அந்நீரில் தோலைப் படியவைத்திருக்கும் உயிருக்கோ அது எரிச்சல். இதற்கு மாற்று எளிது. அகன்ற பாத்திரத்தில் நீரை ஊற்றி ஒரு நாள் முழுதும் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் காற்றில் கலந்து போய்விடும். ஆனால் சில நகரங்களில் குளோரினுக்குப் பதிலாகக் குளோரமினைச் சேர்ப்பர். அது அவ்வளவு எளிதில் போகாது. அங்கே மீன் வளர்ப்போர் கடைகளில் கிடைக்கும் குளோரின் நீக்கியைக் கலக்க வேண்டும். வேதியியல் மாணவர் அறிந்த ஹைப்போ என்னும் சோடியம் தயோசல்பேட்டுதான் அவற்றுள் பலவற்றில் உள்ளது. விடுதித் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் இட்டுக் கழுவும் நாளில் மட்டும் அந்நீரைத் தொடவே வேண்டா.

அடுத்தது ஆர்.ஓ. இயந்திரத்து நீர். "தூய்மையிலும் தூய்மையான நீராயிற்றே, இதில் என்ன குறை?" என்று கேட்கலாம். தூய்மையே குறை. தேரையின் குருதியில் உப்பு உண்டு. வெளி நீரில் அது குறைவு. ஆகவே சவ்வூடு பரவலால் நீர் ஓயாமல் உள்ளே புகுகிறது. சிறுநீரகம் அந்த மிகை நீரை வெளியேற்றுகிறது. அதனோடு சிறிது உப்பும் போகிறது. போன உப்பை ஈடுசெய்யத் தோலே வெளி நீரிலிருந்து உப்பை இழுத்துக்கொள்கிறது. தவளைத் தோல் சோடியத்தை இவ்வாறு தன் ஆற்றலைச் செலவிட்டு உள்ளே கடத்துவதை டென்மார்க்கு நாட்டு அறிஞர் ஹான்ஸ் உசிங்கும் அவருடன் பணியாற்றிய செரானும் 1951-இல் அளந்து காட்டினர். இன்று உடலியங்கியல் படிக்கும் எவரும் அச்சோதனையைப் படிக்காமல் தேறுவதில்லை. உப்பின் பெரும்பகுதி வடிகட்டப்பட்ட நீரில் அமர்ந்த தேரை எதனை இழுக்கும்? நாள்தோறும் அந்நீரையே கொடுப்பது, உழைப்பவனை வெறும் பானை முன் உட்கார வைப்பது போன்றது.

அப்படியானால் எந்த நீர் நல்லது? ஒரு நாள் ஆறவிட்ட குழாய் நீர் நல்லது. முதல் மழையை விட்டு, அடுத்து வரும் மழையில் திறந்த வெளியில் தூய பாத்திரத்தில் பிடித்த நீர் அதனோடு கலந்தால் இன்னும் நல்லது. கூரையின் வழியே வடிந்த நீரும், உவர்ப்பு மிக்க ஆழ்துளைக் கிணற்று நீரும் ஆகா.

நீரைப் போலவே பாத்திரமும் முறையாக இருக்க வேண்டும். மரத்தேரை நீச்சல் வீரனன்று. ஆழமான கிண்ணத்தில் வழுவழுப்பான சுவர் இருந்தால் களைத்து மூழ்கிவிடவும் கூடும். அகன்ற மண் தட்டு ஒன்று போதும். அமர்ந்த தேரையின் வயிறு நனையும் அளவே நீர் இருக்கட்டும். தேரை அந்நீரில்தான் கழிவையும் விடும். கழிவு சிதைந்து அம்மோனியாவாகும். அதையும் தோல் குடிக்கும். ஆகவே நீரை நாள்தோறும் மாற்றுக. தட்டைச் சோப்பின்றி வெந்நீரால் தேய்த்துக் கழுவி, ஆறவிட்டு வைக்க. கொசு விரட்டும் களிம்பு தடவிய கையால் தேரையைத் தொடுவது, அதற்கு நஞ்சைப் பூசுவதற்கு ஒப்பாகும். எடுத்தே ஆகவேண்டுமெனில் கையை நன்கு அலசி, ஈரக்கையால் எடுக்க. எடுத்த பின்னும் சோப்பிட்டுக் கழுவுக. சால்மோனெல்லா போன்ற கிருமிகள் அதன் தோலில் இருக்கக்கூடும். அப்பாதுகாப்பு நமக்கு.

உறைவிடம் எவ்வாறிருக்க வேண்டும்? மரமேறும் உயிருக்குப் பரப்பைவிட உயரமே முதன்மை. ஏறக் கிளையும், பகலில் ஒளியப் பூச்சிமருந்து படாத இலைச் செடியும், மேலே வலை மூடியும் வேண்டும். ஈரம் வேண்டும், காற்றோட்டமும் வேண்டும். காற்றில்லாத ஈரத்தில் பூஞ்சைதான் செழிக்கும். வெயில் நேரே விழும் சன்னலில் வைத்த கண்ணாடிப் பெட்டி சிறிது நேரத்தில் அடுப்பாகிவிடும். கொசுவர்த்தி புகையும் அறையில் வைக்கவே கூடாது.

இத்தனையும் படித்த பின், "இவ்வளவு பாடு வேண்டுமா?" என்று தோன்றினால், என் கருத்து உங்களுக்குப் பாதி விளங்கிவிட்டது. சுவருக்கு வெளியே இவையனைத்தையும் மழையும் மண்ணும் மரமும் கூலியின்றிச் செய்கின்றன. தானாக வந்து, தானாகப் போகும் உயிரைச் சாடியில் அடைத்து, அந்த வேலையை நாம் ஏன் மேற்கொள்ள வேண்டும்? வளர்த்துப் பார்த்தால்தானே அன்பும் அறிவும் பிறக்கும் என்பர் சிலர். கூர்ந்து பார்த்தால் பிறக்கும் என்பேன் நான். இரவில் கைவிளக்குடன் தோட்டத்தில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். இணை தேடிக் குரல் கொடுப்பதையும், நீர்த்தொட்டிக்கு மேலே நுரைக்கூடு கட்டுவதையும், அக்கூட்டிலிருந்து தலைப்பிரட்டைகள் நீரில் விழுவதையும் காணலாம். இவற்றுள் ஒன்றையேனும் சாடி நமக்குக் காட்டுமா?

கடையில் விற்கும் அயல்நாட்டு மரத்தேரைகளைப் பற்றியும் ஒரு சொல். கைட்ரிட் என்னும் பூஞ்சை உயிர் வாணிகத்தோடு உலகெங்கும் பரவியது. அது தாக்குவதும் தோலையே. தோலின் உப்புக் கடத்தலைக் குலைத்து, இறுதியில் இதயத்தை நிறுத்துகிறது என்று 2009-இல் ஆய்வாளர் கண்டனர். நீர்நில வாழ்வன 501 இனங்களாவது அதனால் குன்றின; அவற்றுள் 90 இனங்கள் அழிந்திருக்கலாம் என 2019-இல் வெளிவந்த ஆய்வு கூறியது. அதன் வித்துகள் நீரில் நீந்துவன. ஆகவே அயல்நாட்டுத் தேரையை வாங்க வேண்டா. முன்னரே வைத்திருப்போர் அதனை ஏரியில் விட வேண்டா. அதன் நீரைக்கூடத் தோட்டத்திலோ குளத்திலோ ஊற்ற வேண்டா. பிளீச்சிங் கரைசல் கலந்து ஒரு நாள் வைத்து, கழிவறையில் ஊற்றுக. தேரைக்குக் கொடுக்கும் நீரில் எவ்வளவு கருத்தோ, அதனிடமிருந்து வெளியேறும் நீரிலும் அவ்வளவு கருத்து வேண்டும்.

நம் மன்றத்தாருக்கு என் வேண்டுகோள் மூன்று. விடுதியின் பின்புறம் மர நிழலில் இரண்டு மூன்று மண் தட்டுகள் வைத்து, முறைவைத்து நாள்தோறும் நீர் மாற்றுவோம். கோடையில் நமக்கே லாரித் தண்ணீர் என்பது உண்மைதான்; ஆயினும் தட்டுக்கு ஒரு குவளைக்கு மேல் ஆகாது. மழைக்காலத்தில் தோட்டத்தில் பூச்சிமருந்து தெளிப்பதைத் தவிர்க்குமாறு விடுதிக் காப்பாளரைக் கேட்போம். நுரைக்கூடு தொங்கும் தொட்டியை மட்டும் சில வாரம் கழுவாமல் விடச் சொல்வோம். கொசு பெருகுமே என்பார்கள்; அது நியாயமான அச்சம். நாள்தோறும் மாற்றும் தட்டில் கொசு முட்டை பொரித்து வளர நேரம் இராது. தொட்டியில் புழுக்களைக் கண்டால் தேநீர் வடிகட்டியால் வடித்து எடுத்துவிடலாம். அந்த வேலைக்கு என் பெயரை முதலில் எழுதிக்கொள்க.

உலகின் நீர்நில வாழ்வனவற்றுள் நூற்றுக்கு 40-க்கு மேற்பட்ட இனங்கள் அழிவின் விளிம்பில் உள்ளன என்று 2023-இல் வெளிவந்த மதிப்பீடு கூறுகிறது. நம் சுவரில் ஒட்டியிருக்கும் தேரை அப்பட்டியலில் இல்லை. இன்னும் எங்கும் எளிதாகக் காணக் கிடைக்கிறது. எளிதாகக் கிடைக்கும் காலத்திலேயே ஓர் உயிரைப் பேணப் பழகுவது நல்லது. அரிதான பின் பேணுவதற்கு ஆய்வுக்கூடமும் பெரும்பொருளும் வேண்டும். இப்போது வேண்டுவது ஒரு மண் தட்டும், ஒரு நாள் ஆறிய நீருமே.