பத்து வருடம் கடந்தால் பங்கு போய்விடுமா?

இராணுவம் பிடித்துவைத்திருக்கும் காணிக்காக வீதியில் இறங்குகிறோம். கூடப்பிறந்தவர் பிடித்துவைத்திருக்கும் காணிக்காக யாரும் பதாகை தூக்குவதில்லை. வன்னியிலிருந்து திரும்பி வந்தபோது, தாய் தகப்பனின் வளவைச் சுற்றி அண்ணனோ சித்தப்பாவோ மதில் கட்டியிருக்கக் கண்டு, பேசாமல் திரும்பிய குடும்பங்கள் வடக்கில் இருக்கின்றன. கேட்டால் வரும் பதில் இதுதான்: "பத்து வருடத்துக்கு மேல் நான்தான் இருக்கிறன். இனிச் சட்டப்படி எனக்குத்தான்."

இதில் பாதிதான் உண்மை.

1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி, உரிமையாளருக்கு எதிராக 10 வருடம் இடையூறின்றிக் காணியை ஆண்டவர் ஆட்சியுரிமை கோரலாம். ஆனால், முதுசக் காணியைப் பங்கு பிரிக்காமல் வைத்திருக்கும் சகோதரர்கள் கூட்டு உரிமையாளர்கள். அவர்களில் ஒருவரது ஆட்சி மற்றவர்களுக்காகவும் நடக்கும் ஆட்சியாகவே கருதப்படும். மற்றவரை வெளியேற்றியமை அல்லது அதற்குச் சமமான செயல் நிரூபிக்கப்பட வேண்டும் என 1911இல் பிரிவிக் கவுன்சில் தீர்ப்பளித்தது. வேலி அடைத்ததும் தேங்காய் பறித்ததும் மட்டும் பொதுவாகப் போதாது.

ஆனாலும் அலட்சியமாக இருக்க முடியாது. முழுக் காணியையும் தன் பெயரில் உறுதி முடித்தாலோ, "உனக்குப் பங்கில்லை" என்று வெளிப்படையாக மறுத்தாலோ, அன்றிலிருந்து 10 வருடக் கணக்குத் தொடங்கலாம். மிக நீண்டகாலத் தனி ஆட்சியிலிருந்து நீதிமன்றம் வெளியேற்றத்தை ஊகிக்கவும் கூடும்.

போரினால் இடம்பெயர்ந்தவருக்கு இங்கேதான் அநீதி நிகழ்ந்தது. உரிமை மறுக்கப்பட்ட வேளையில் கடல்கடந்து இருந்தவருக்கு, அவர் திரும்பும்வரை அந்தக் கணக்கு ஓடாது. எதிரான ஆட்சி 30 வருடத்தைத் தாண்டினால் மட்டும் அந்தப் பாதுகாப்பு இல்லை. லண்டனில் இருந்தவருக்குக் கிடைத்த இந்தச் சலுகை, முள்வேலி முகாமில் இருந்தவருக்குக் கிடைக்கவில்லை. இதைத் திருத்த 2016 ஏப்ரலில் ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அது கணக்கிலிருந்து நீக்கியது. ஆனால் வழக்குத் தொடர இரண்டே வருடங்கள்தான் தந்தது. அத்துடன், ஆயுதக் குழுக்களின் செயற்பாட்டால் தடைப்பட்டவர்களைப் பற்றி மட்டுமே பேசியது. படை நடவடிக்கையால் ஓடியவர்கள் அதன் சொற்களில் இல்லை. 2018இல் கதவு மூடிவிட்டது. அதை மீண்டும் திறக்கும்படி நம் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்கவேண்டும்.

இன்று என்ன செய்யலாம்? முதலில் காணிப் பதிவகத்தில் தோம்பைப் பார்த்து, யார் பெயரில் எப்போது உறுதி பதிவாகியது என்று அறியுங்கள். அந்தத் திகதியில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது. கள்ள உறுதி வரும் என்று சந்தேகித்தால், உறுதி பதிவுக்கு வரும்போது உங்களுக்கு அறிவிக்கும்படி அங்கேயே கேவியற் பதியலாம். இருந்த இடத்திலிருந்து அண்மையில் துரத்தப்பட்டிருந்தால், இரண்டு மாதங்களுக்குள் பொலிஸ் மூலமோ நேரடியாகவோ ஆரம்ப நீதிமன்றத்தை நாடுங்கள். பங்கைப் பிரித்தெடுக்க மாவட்ட நீதிமன்றத்தில் பிரிவிடல் வழக்கு உண்டு. அது வருடக்கணக்கில் இழுபடும் என்பதையும் தெரிந்துகொண்டே இறங்குங்கள். இணக்க சபையில் பேசித் தீர்ந்தாலும், நொத்தாரிசு முன் உறுதி எழுதினால்தான் காணியில் அது நிற்கும். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்துக்குப் போகலாம்.

"சொந்தச் சகோதரத்தைக் கோட்டுக்கு இழுப்பதா?" என்று ஊர் கேட்கும். பங்கை மறுத்தவரிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. நாங்கள் மௌனமாக இருக்கும் ஒவ்வொரு வருடமும் அவரது கணக்கில்தான் சேர்கிறது.