சொல்லைப் பிரிந்த திருமேனிகள்: தஞ்சை அரண்மனைக் காட்சிக்கூடங்கள் குறித்து ஒரு கருத்துரை

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் அங்கு எழுந்தருளுவிக்கப்பெற்ற செப்புத்திருமேனிகளை விவரிக்கும் முறை, அருங்காட்சியகப் பட்டியலாக்கத்தில் ஈடுபடுவோர் எவரையும் வியப்பில் ஆழ்த்தும். உயரம் முழத்திலும் விரலிலும் சுட்டப்பெறுகிறது. கைகள் எத்தனை, கனமாக வார்க்கப்பட்டதா பொள்ளலாக வார்க்கப்பட்டதா, அளித்தவர் யார், அணிகலன்கள் எவை, அவற்றின் நிறை எத்தனை மஞ்சாடி, எத்தனை குன்றி என்பனவெல்லாம் கல்லில் உள்ளன. அத்திருமேனிகளுள் பெரும்பாலானவை இன்று இல்லை. எனினும் இல்லாத அவற்றைப் பற்றி நாம் அறிந்திருப்பது, அதே நகரில் அரண்மனை வளாகத்தில் கண்ணெதிரே நிற்கும் திருமேனிகளைப் பற்றி ஒரு பார்வையாளர் அறிந்துகொண்டு திரும்புவதைவிட மிகுதி. இம்முரணே இக்கருத்துரை எழுந்ததற்குக் காரணம்.

அரண்மனை என்று ஒருமையில் வழங்கினும் அது பல காலக் கட்டடங்களின் தொகுதி. நாயக்கர் தொடங்கிய மாளிகைகளை மராட்டியர் விரித்தனர். இடையிடையே மாற்றியும் அமைத்தனர். இன்று அதனுள் 1951-இல் தோன்றிய கலைக்கூடம், 1918-இல் பொதுநூலகமாக்கப்பெற்ற சரசுவதி மகால், தர்பார் மண்டபங்கள், சங்கீத மகால், மணிக்கோபுரம் எனப் பல உள்ளன. நிருவாகங்கள் வெவ்வேறு. சுவடி ஒருவர் பொறுப்பு, சிலை மற்றொருவர் பொறுப்பு, சுவர் வேறொருவர் பொறுப்பு. நிருவாக வசதிக்காக ஏற்பட்ட இப்பகுப்பை ஆய்வாளராகிய நாமும் அப்படியே ஏற்றுக்கொண்டோம் என்பதுதான் வருந்தத்தக்கது. சுவடியியலார் நூலகத்தோடும், கலை வரலாற்றார் கலைக்கூடத்தோடும் திரும்பிவிடுகின்றனர்.

கலைக்கூடத்தின் பெருமைக்குரிய திருவெண்காட்டு இடபவாகன தேவரை எடுத்துக்கொள்வோம். மண்ணுள் புதைந்து கிடந்து வெளிப்பட்ட திருமேனி அது. முதலாம் இராசராசனின் 26-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1011-இல், அது எழுந்தருளுவிக்கப்பெற்ற செய்தியைத் திருவெண்காட்டுக் கோயிற்கல்வெட்டு தருகிறது. தேவியின் திருமேனி அடுத்த ஆண்டினது. சோழர் செப்புத்திருமேனிகளுள் இத்துணைத் துல்லியமாக ஆண்டு கூறத்தக்கவை மிகச் சில. பிற படிமங்களின் காலத்தைக் கணிக்க இவையே அளவுகோலாகின்றன. ஆயின் கல்வெட்டு ஓரூரில், திருமேனி மற்றோரூரில். பெயர், நூற்றாண்டு, ஊர் என மூன்று சொற்களில் முடியும் குறிப்புப்பலகை இவ்விரண்டையும் இணைப்பதில்லை. ‘11-ஆம் நூற்றாண்டு’ என்பது பிழையன்று. எனினும் 1011 என்று கல்லே கூறும்போது நூற்றாண்டு அளவில் நின்றுவிடுவது அறிவைக் குறைத்துச் சொல்வதாகும்.

தாராசுரத்திலிருந்து கொணரப்பெற்ற பிச்சாடனர் தொகுதியும் யானை உரித்த மூர்த்தியும் இதே நிலையின. தாராசுரத்துச் சுவரிலேயே தங்கிய நாயன்மார் சிற்பங்களுக்கு அக்காலத்தவர் பெயர்ப்பொறிப்பு வெட்டி வைத்தனர். அவை இன்றும் பேசுகின்றன. குறிப்புப்பலகை மேலைநாட்டு அருங்காட்சியகங்கள் நமக்குக் கற்றுத்தந்த வழக்கம் என்னும் எண்ணத்தைத் தாராசுரம் ஒன்றே மறுக்கப் போதும். இடம்பெயர்ந்த சிற்பங்களுக்கு மட்டும் நாம் எழுதுவது அவர்கள் எழுதியதினும் குறுகியிருக்கலாமா?

கட்டடங்களின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. சிற்பம் காணவருவோர்க்கு நாயக்கர் மண்டபம் வெறும் கூரையாகிவிடுகிறது. அம்மண்டபத்தில் இரண்டாம் சரபோசியின் சலவைக்கல் உருவம் நிற்கிறது. ஆங்கிலச் சிற்பி ஜான் பிளாக்சுமன் வடித்த மற்றொரு படைப்பு சிவகங்கைக் கோட்டைத் தேவாலயத்தில் உள்ளது. மரணப்படுக்கையில் கிடக்கும் சுவார்ட்சு பாதிரியாரின் கையைச் சரபோசி பற்றியிருக்கும் காட்சி அது. அரியணைக்குரியவனாகவும் மாணவனாகவும் ஒருவனையே இருவேறு நிலைகளில் காட்டும் இவ்விரு படைப்புகளையும் சேர்த்துப் படிக்காமல் 19-ஆம் நூற்றாண்டுத் தஞ்சையைப் புரிந்துகொள்ள இயலாது. (மணிக்கோபுரத்துள் கிடக்கும் திமிங்கில எலும்புக்கூட்டைக் காட்சிப்பொருள் ஒழுங்கின்மைக்குச் சான்றாகக் காட்டுவோர் உளர். எனக்கு அதில் மனவருத்தம் இல்லை. சிறுவர்கள் அரண்மனைக்கு விரும்பி வருவதே அதற்காகத்தான்.)

அரண்மனை ஆவணங்கள் மராத்தி மொழியில், மோடி எழுத்தில் உள்ளன. நாயக்கர் அவை இலக்கியம் பெரிதும் தெலுங்கு. ஆகவே இது தமிழ்த்துறையின் பணியன்று என்று கூறப்படலாம். இத்தடையில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் தமிழ்ப் பல்கலைக்கழகம் மோடி ஆவணத் தமிழாக்கத்தைக் குறிப்புரையுடன் 1989-இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டுவிட்டது. கே. எம். வேங்கடராமையாவின் மராட்டியர் கால அரசியல், சமுதாய வாழ்க்கை பற்றிய நூலோ அதற்கும் முந்தையது. சரபேந்திர பூபாலக் குறவஞ்சியைப் பாடவேறுபாடு நோக்கியும் அணிநலம் நோக்கியும் ஆராய்ந்த நாம், அந்நூல் போற்றும் மன்னன் வாழ்ந்த அறைகளை அதே ஆவணங்களின் துணையோடு அடையாளம் காண முயன்றது மிகக் குறைவு. எந்த மண்டபம் எதற்குப் பயன்பட்டது, எப்போது பழுதுபார்க்கப்பட்டது, அங்கே பணியாற்றியோர் யாவர் என்னும் வினாக்களோடு அத்தொகுதிகளை மீண்டும் படிக்கவேண்டும். முனைவர் பட்டத்திற்குத் தலைப்புத் தேடும் மாணவர்க்கு இதனினும் வளமான களம் வேறு எங்கு உள்ளது?

இதில் காலத்தாழ்ச்சி கூடாது. பழைய கட்டடத்தில் ஒவ்வொரு பழுதுபார்ப்பும், அது எவ்வளவு தேவையானதாயினும், ஒரு சான்றை மறைக்கிறது. சுண்ணப்பூச்சின் அடுக்குகள் படிக்கப்படுமுன் மேலே புதுப்பூச்சு ஏறிவிட்டால் மீட்க வழியில்லை. திருமேனிகளுக்கோ இடர் வேறுவகையானது. களவுபோன தமிழகப் படிமங்கள் அயல்நாடுகளிலிருந்து மீண்டபோதெல்லாம் உரிமையை நிறுவப் பெரிதும் உதவியவை, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய ஒளிப்படங்கள் போன்ற பதிவுகளே.

சரசுவதி மகால் சுவடிகளுக்கு பர்னெல் 1880-இலேயே அட்டவணை வெளியிட்டார். பின்னர் வடமொழிச் சுவடிகளுக்கு விளக்க அட்டவணை பல தொகுதிகளாக வந்தது. அதே தரத்தில் திருமேனிகளுக்கும் மண்டபங்களுக்கும் ஒரு தமிழ் விளக்க அட்டவணை வேண்டும். அளவு, வார்ப்பு முறை, கிடைத்த இடம், தொடர்புடைய கல்வெட்டின் பாடம், வைக்கப்பெற்றுள்ள மண்டபத்தின் வரலாறு ஆகியன ஒவ்வொரு பதிவிலும் இடம்பெறுதல் வேண்டும். முதற்பதிவு திருவெண்காட்டு இடபவாகனராக இருக்கட்டும். அவருக்குரிய கல்வெட்டுப் பாடத்தைப் படியெடுத்துக் குறிப்புப்பலகையில் சேர்ப்பதற்குப் பெரும்பொருட்செலவோ புதிய திட்டமோ தேவையில்லை. கல்வெட்டறிந்த தமிழாசிரியர் ஒருவரின் ஒருநாட்பணி அது.