மலைக்குப் போகும் பிள்ளைகளும் மறுக்கின்ற பெற்றோரும்



கடந்த சில மாதங்களாக மில்லிக்கன் பகுதியில் நான் சந்தித்த இல்லங்கள் பலவற்றில் ஒரே வழக்கு என் முன் வைக்கப்பட்டது. பல்கலைக்கழகப் படிப்பை முடித்த மகனோ மகளோ, முதல் வேலையில் சேமித்த பணத்தில், முதுகுப் பை ஒன்றைச் சுமந்துகொண்டு நேபாளம் சென்று எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடக்க விரும்புகின்றார். பெற்றோர் மறுக்கின்றனர். "சுவாமி, நீங்கள் ஒருக்கால் சொல்லுங்கோ, உங்கள் சொல்லைக் கேட்பான்" என்கின்றனர். ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாகச் சொன்னதை இன்று எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் பெற்றோரின் மறுப்பைப் பற்றி. இதனை வெறும் அச்சம் என்று பிள்ளைகள் தள்ளிவிடலாகாது. 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தனர். மழை, இருள், தலையில் மூட்டை, இடுப்பில் குழந்தை. 2009இல் வன்னியில் நடந்தவர்களுக்கு மூட்டையும் மிஞ்சவில்லை. அப்படி நடந்தவர்களில் சிலர் இன்று நம் ஆலயத்தின் இருக்கைகளில் அமர்ந்திருக்கின்றார்கள். நடப்பது என்பது அவர்களுக்கு உயிர் தப்புவதற்கான வழி. பணம் கொடுத்து, சுமை தூக்கி, குளிரில் உறங்கி நடப்பதை அவர்களால் இன்பமென்று எண்ண முடியாதிருப்பது இயல்பே.

ஆயினும் என் கருத்து, பிள்ளைகளைத் தடுக்க வேண்டாம் என்பதே. மலையேறுதல் வெள்ளையரின் பொழுதுபோக்கு, நமக்கு ஆகாதது என்ற எண்ணம் சரியன்று. மோசே சீனாய் மலையில் ஏறினார். சீடர் மூவரை ஆண்டவர் உயர்ந்த மலைக்கு அழைத்துச் சென்றார். நம் மக்கள் பல தலைமுறைகளாக மடு அன்னையின் ஆலயத்திற்குக் காடு வழியே நடந்தார்கள். 1922 முதல் 1939 வரை திருத்தந்தையாக இருந்த 11ஆம் பத்திநாதர், இளம் குருவாக 1889இல் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மோந்தே ரோசாவில் ஏறியவர். 1923இல் மெந்தோன் நகர்ப் புனித பெர்னார்டை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தவரும் அவரே. 2025 செப்டெம்பர் 7 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட பியெர் ஜியோர்ஜியோ ஃபிரசாத்தி மலைகளை நேசித்த இளைஞர். தூரின் நகரின் ஏழைகளுக்குத் தம் கைப்பணத்தைக் கொடுத்தவரும் அதே இளைஞர்தான். மலையும் ஏழையும் அவருடைய வாழ்வில் ஒன்றையொன்று விலக்கவில்லை. சூடேற்றிய வீட்டில் வளர்ந்த பிள்ளை, ஒரு குவளை வெந்நீரின் பெறுமதியை அறிந்து திரும்புவது நல்லதே.

இனி, இளையோரே, உங்களிடம் கண்டிப்பாகச் சில சொற்கள்.

நாம் வாழும் மில்லிக்கன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 200 மீற்றர் உயரத்தில் உள்ளது. உங்கள் பெற்றோரின் தாய்நாட்டில் மிக உயர்ந்த மலையான பீதுருதலாகலை 2,524 மீற்றர். விமானம் உங்களை இறக்கிவிடும் லுக்லாவோ ஏறத்தாழ 2,860 மீற்றர். அங்கிருந்து நாம்சே 3,440 மீற்றர். முடிவில் அடிவார முகாம் ஏறத்தாழ 5,360 மீற்றர். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன் கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறையப் பாதி. உடற்பயிற்சிக் கூடத்தில் வளர்த்த தசைகள் இதற்குப் பரிகாரம் அல்ல. திடகாத்திரமான இளைஞனும் மலை நோய்க்கு ஆளாவான். விரைந்து ஏறுவதால் சில வேளை அவனே முதலில் ஆளாவான்.

மருத்துவர்கள் கூறும் விதி எளியது. 3,000 மீற்றருக்கு மேல், உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீற்றருக்கு மேல் கூட்டாதீர்கள். மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை மேலும் ஏறாது தங்குங்கள். தலையிடி, குமட்டல், தலைச்சுற்று தோன்றினால் அது தீரும்வரை மேலே செல்லாதீர்கள். இருந்த இடத்திலேயே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சுக் குழம்பினாலோ, இரவென்றும் பாராது கீழே இறங்க வேண்டும். மூளையிலும் நுரையீரலிலும் நீர் கோர்க்கும் அந்நிலை விரைவில் உயிரைப் பறிக்கும்.

விதி எளியது, அதனைக் கடைப்பிடிக்கவிடாமல் தடுப்பது தற்பெருமை. விடுமுறை குறைவு, பணம் கட்டியாயிற்று, நண்பர்கள் முன்னே போகின்றார்கள், படம் போடுவதாகச் சொல்லியாயிற்று. ஆகவே தலையிடியை மறைக்கின்றான். இறைவாக்கினர் எலியாவை நினையுங்கள். ஓரேபு மலைக்குப் போக இருந்தவர் களைத்து வீழ்ந்தபோது, வானதூதர் அவரை விரைந்து நடக்கச் சொல்லவில்லை. உண்ணச் செய்தார், உறங்கவிட்டார், மறுபடியும் எழுப்பி உண்ணச் செய்தார். பயணம் அவருடைய வலிமைக்கு மிஞ்சியது என்பதை ஆண்டவர் அறிந்திருந்தார். தன் வலிமையின் அளவை அறிவதே தாழ்ச்சி. பாதி வழியில் திரும்பிய பிள்ளையைக் கேலி செய்வோர் நம் பங்கில் இருக்கலாகாது.

2014 ஒக்டோபரில் விசாகப்பட்டினத்தைத் தாக்கிய ஹூட்ஹூட் புயலின் மிச்சம் நேபாளத்தில் பெரும் பனிப்பொழிவாக இறங்கியது. அன்னபூர்ணா பாதையில், 5,416 மீற்றர் உயரமான தொரோங் கணவாயிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் 40க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் கனடியரும் இருந்தனர். நேபாள வழிகாட்டிகளும் சுமை தூக்குவோரும் இருந்தனர். வங்காள விரிகுடாவில் உருவாகும் புயல் இமயத்தில் பனியாகும் என்பதை நினைவிற்கொண்டு, உள்ளூர் வழிகாட்டி நில் என்றால் நில்லுங்கள்.

சுமை தூக்குவோரைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் பையைச் சுமப்பவர் பலவேளை தாழ்ந்த மலைக் கிராமத்திலிருந்து பிழைப்புக்காக வந்தவர். அந்த உயரமும் குளிரும் அவருக்கும் புதியவை. 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்து வறியவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, கோப்பித் தோட்டங்களை அடைந்தார்கள். நோயிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்கள் பலர். அவர்களை விட்டுவிட்டே மற்றவர்கள் நடந்தார்கள். அந்த வரலாறு உள்ள இனம், இன்னொருவன் முதுகில் தன் சுமையை ஏற்றும்போது சில கேள்விகளைக் கேட்க வேண்டும். அவருக்குக் குளிருடை உண்டா? இரவில் எங்கே உறங்குகின்றார்? காப்புறுதி உண்டா? நோயுற்றால் கூலியைக் கொடுத்துத் தனியே கீழே அனுப்பிவிடுவார்களா? சுமை தூக்குவோரின் பாதுகாப்புக்காக 1997இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு அமைப்பு ஒன்று இவற்றையே வலியுறுத்துகின்றது. மலிவான பயணத்தைத் தேடும்போது, அந்த மலிவு யாருடைய கூலியிலிருந்து வருகின்றது என்று பாருங்கள்.

காப்புறுதி உங்களுக்கும் வேண்டும். ஒன்ராறியோவின் அரச மருத்துவக் காப்பு, வெளிநாட்டு மருத்துவச் செலவில் மிகச் சிறு பகுதியையே ஏற்கும்; மலையிலிருந்து ஹெலிகொப்டரில் இறக்கும் செலவை ஏற்காது. தனியார் பயணக் காப்புறுதிகள் பலவற்றில் உயர வரம்பு உண்டு. கையொப்பமிடுவதற்கு முன் அதனை வாசியுங்கள்.

பெற்றோரே, நீங்கள் தடுத்தால் சில பிள்ளைகள் உங்களுக்குச் சொல்லாமலே போவார்கள். அது போவதைவிட ஆபத்தானது. அனுமதியுங்கள், ஆனால் எந்த ஊரில் எந்த நாள் தங்குவார்கள் என்று எழுதி வாங்குங்கள். அத்துடன், நாவற்குழிப் பாலத்தை நீங்கள் எப்படிக் கடந்தீர்கள் என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள். இத்தனை ஆண்டுகளாகச் சொல்லாமல் இருந்தவர்கள் உங்களில் பலர் என்பதை நான் அறிவேன். பிள்ளைகளே, நீங்களும் பொறுமையுடன் கேளுங்கள். அம்மா எதைத் தூக்கிக்கொண்டு நடந்தார், எதை வழியில் விட்டார் என்று கேளுங்கள்.

புறப்படும் இளையோர், அதற்கு முந்திய ஞாயிறு திருப்பலியின் பின் பெற்றோருடன் பீடத்தருகே வாருங்கள். பயண ஆசீர் தருகிறேன். திரும்பும் நாளையும் என்னிடம் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். அந்நாள் வரை உங்கள் பெயர் காலைத் திருப்பலியில் நினைவுகூரப்படும்.

இறை ஆசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை