நாவல் படித்தால் நல்லவராகலாமா?

புத்தகக் காட்சி மேடைகளில் தவறாமல் ஒலிக்கும் கூற்று ஒன்றுண்டு: நல்ல நாவல்களைப் படிப்பவர் நல்ல மனிதராவார். கேட்க இனிமையான இக்கூற்று உண்மைதானா? 1948-ஆம் ஆண்டு பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்தும் நாம், இக்கேள்வியை எழுப்புவதில் தவறில்லை.

2013-இல் 'சயன்ஸ்' ஆய்விதழில் கிட், கஸ்தானோ ஆகிய இரு உளவியலாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டனர். இலக்கியத் தரமுள்ள புனைகதையைச் சிறிது நேரம் படித்தவர்கள், கண்களின் படத்தை மட்டும் பார்த்துப் பிறர் மனநிலையை ஊகிக்கும் சோதனையில் சிறந்து விளங்கினர் என்றது அது. 2016-இல் வேறு ஆய்வாளர்கள் அச்சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிட்டவில்லை. 2018-இல் 14 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியவர்கள், பயன் உண்டு, ஆனால் சிறிதே என்றனர்.

அளவு ஒருபுறமிருக்க, அளக்கப்பட்டது எது என்பதே என் கேள்வி. பிறர் மனத்தை அறிவது வேறு. பிறருக்கு நன்மை செய்வது வேறு. ஏமாற்றுப் பேர்வழியும் பிறர் மனத்தை நன்கறிந்தவனே.

வரலாறு தரும் சான்று இன்னும் தெளிவானது. அப்டன் சிங்கிளேரின் 'தி ஜங்கிள்' நாவல் 1906-இல் நூலாக வெளிவந்தது. சிகாகோ இறைச்சித் தொழிற்சாலைகளில் உழன்ற, புலம்பெயர்ந்த தொழிலாளரின் துயரை அது சொன்னது. வாசகர் நெஞ்சம் அவர்களுக்காக இரங்க வேண்டும் என்பதே ஆசிரியரின் நோக்கம். வாசகர்களோ தம் தட்டுக்கு வரும் இறைச்சியின் தூய்மையை எண்ணிப் பதறினர். அவ்வாண்டு ஜூன் 30 அன்று இறைச்சி ஆய்வுச் சட்டத்திலும், உணவு மற்றும் மருந்துத் தூய்மைச் சட்டத்திலும் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கையொப்பமிட்டார். இரண்டும் நல்ல சட்டங்களே. ஆயினும், தொழிலாளியின் கூலி, வேலை நேரம் பற்றி அவற்றில் ஒன்றுமில்லை. நாவல் துயரைக் காட்டியது. அதில் எதைப் பார்ப்பது என்பதை வாசகரின் தன்னலம் தீர்மானித்தது.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் ஆடம் ஸ்மித்தை இங்கு நினைக்கிறேன். 1759-இல் முதலில் வெளிவந்த தம் அறவியல் நூலில், பிறர் நிலையில் நம்மைக் கற்பனையாக வைத்துப் பார்ப்பதே பரிவின் ஊற்று என்றார் அவர். அன்பையும் நட்பையும் கற்பிப்பதில் பண்டைய தத்துவ ஞானிகளைவிட ரிச்சர்ட்சன் போன்ற நாவலாசிரியர்களே மேலான ஆசான்கள் என்றும் எழுதினார். ஆனால், தன்னடக்கம் பழக்கத்தாலன்றி வாராது என்பதையும் அவர் அழுத்திச் சொன்னார்.

எனவே, நற்குணத்தை விளைவிக்கும் என்று வாக்களித்து நூலகங்களுக்கு நிதி கோருவது ஆபத்தானது. அடுத்த ஆய்வு பொய்த்தால் கோரிக்கையும் பொய்த்துவிடும். தம் வாழ்வுக்கு அப்பாலுள்ள வாழ்வை அறியும் வாய்ப்பை, நூல் வாங்க வசதியற்றவருக்கும் நூலகம் தருகிறது என்பதே போதிய நியாயம். புத்தகத்தை மூடியபின், நம் வீட்டில் வேலை செய்பவரின் கூலியைப் பற்றி எண்ணுவது நாவலின் பொறுப்பன்று, நம்முடையது.