தறி அட்டையும் மேகத்தில் வைத்த படியும்

காஞ்சிபுரத்தில் பட்டு நெய்யும் வீடு ஒன்றினுள் நுழைந்தால் சற்று அண்ணாந்து பாருங்கள். தறியின் தலைக்குமேல் துளையிட்ட அட்டைகள் சரம் சரமாகக் கோக்கப்பட்டுத் தொங்கும். 1804-இல் பிரான்சு நாட்டு ஜக்கார்டு அமைத்த பொறியின் வழி வந்தவை இவை. ஊடைக்கு ஓர் அட்டை. துளை இருக்குமிடத்தில் பாவு இழை மேலெழும். துளை இல்லாவிடில் எழாது. கணிப்பொறியின் 0, 1 என்னும் மொழியும் இதுவே அன்றோ? 240 கொக்கிகள் உள்ள ஜக்கார்டில் 1,000 அட்டைகள் ஓடும் ஒரு வடிவத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 2,40,000 பிட்டுகள், அதாவது 30,000 பைட்டுகள். கைப்பேசியில் எடுக்கும் 3 மெகாபைட் படம் ஒன்றின் இடத்தில் இத்தகைய வடிவங்கள் நூறு அடங்கிவிடும்!

இன்று சேலை வடிவம் வரைவோரிற் பலர் கட்டம் போட்ட தாளை விட்டுவிட்டுத் திரையில் வரைகின்றனர். மின்னணு ஜக்கார்டு பொருத்திய தறிக்கு அட்டையே தேவையில்லை; கோப்பு ஒன்று போதும். வசதிதான். ஆனால் கறையான் நாலு அட்டையை அரித்தால் அந்த நாலை மட்டும் மீண்டும் துளையிடலாம். வட்டு பழுதானால் எல்லா வடிவமும் ஒருசேரப் போய்விடும். பல நாள் உழைப்பும், தாத்தா காலத்துச் சேலையைப் பார்த்துப் பிரதி செய்த பூவும் அதனுள் இருந்திருக்கும்.

ஆகவேதான் காப்புப்படி எடுக்கும் மென்பொருளை, மேகச் சேமிப்புக் கணக்கு ஒன்றுடன் இணைத்துவிடுங்கள் என்கிறார்கள். (மேகம் என்றால் வானத்து மேகம் இல்லை. எங்கோ ஒரு கட்டடத்தில் ஓடும் கணிப்பொறிகள்தாம்.) இணைத்தாயிற்று, இனிக் கவலையில்லை என்று பலரும் இருந்துவிடுகின்றனர். அங்குதான் எனக்கு உடன்பாடில்லை. மூலத்தை அழிக்கும் அதே கை படியையும் அழிக்கக்கூடுமானால் அதைப் படி என்று எப்படிச் சொல்வது?

காஞ்சியின் பழைய கணக்கு ஒன்றைப் பார்ப்போம். பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த உத்தம சோழனின் செப்பேடுகள் சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளன. காஞ்சி ஊரகப் பெருமாள் கோயிலின் வரவு செலவு ஏற்பாடுகளை அவை கூறும். முன்னரே கல்லில் வெட்டியிருந்த ஏற்பாடுகளைச் சுட்டி, அவற்றைச் செம்பிலும் பொறித்திருக்கிறார்கள். அந்த ஏற்பாடுகளில் ஊரின் நெசவாளர் சேரிகளுக்கும் பங்குண்டு. கல் இருந்தது சுவரில், செம்போ தனி. சுவரைக் கொத்துகிறவனின் உளி செம்பைத் தொடாது.

மேகத்தில் இந்தப் பிரிவு தானாக வந்துவிடுவதில்லை. ஆர்குளோன் என்ற இலவச மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'காப்பி', 'சிங்க்' என இரு கட்டளைகள் உண்டு. நம் கணிப்பொறியில் ஒரு கோப்பை அழித்துவிட்டு 'சிங்க்' கொடுத்தால், மேகத்திலும் அக்கோப்பு நீக்கப்படும். 'காப்பி' அப்படி நீக்காது. ஆனால் கெட்டுப்போன கோப்பை நல்ல படியின் மீது எழுதிவிடும். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வானாக்ரை போன்ற நச்சுநிரல் கோப்புகளைப் பூட்டிவிட்டால், பூட்டிய கோப்பே விசுவாசமாக மேகத்துக்கும் போகும். ஆதலால் பழைய நிலைகளையும் தனித்தனியே வைத்திருக்கும் மென்பொருளையே தேர்ந்தெடுக்க வேண்டும். ரெஸ்டிக் அவ்வகையைச் சேர்ந்தது. ஆர்குளோன் வழியாகவும் அது மேகத்தை அடையும்.

இனி இணைக்கும் வேளையில் வரும் அந்த அனுமதித் திரை. முக்கால்வாசிப் பேர் படிக்காமலே 'அனுமதி' என்று அழுத்தும் திரை அது. முன்பெல்லாம் வேற்று மென்பொருளுக்குக் கடவுச்சொல்லையே கொடுத்துவிடும் வழக்கம் இருந்தது. 2012-இல் வெளியான ஓஆத் 2.0 முறையில் கடவுச்சொல் கைமாறுவதில்லை. மென்பொருளுக்கு ஒரு டோக்கன் தரப்படுகிறது. கோயில் வாசலில் செருப்பு விடுமிடத்தில் வாங்கும் டோக்கனை எண்ணிப் பாருங்கள். அதைக் காட்டி உங்கள் செருப்பைத்தான் எடுக்கலாம், ஊரார் செருப்பை எடுக்க முடியாது. கூகுள் டிரைவில், மென்பொருள் தான் உண்டாக்கிய கோப்புகளை மட்டும் தொடுமாறு அனுமதி அளிக்க இயலும். டிராப்பாக்ஸில் ஒரே ஓர் உறைக்குள் அதை அடக்கிவிடலாம். முழுக் கணக்கையும் கேட்கும் மென்பொருளிடம், 'எதற்கு?' என்று கேட்கும் துணிவு நமக்கு வேண்டும். பிடிக்காவிட்டால் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்துக்குச் சென்று டோக்கனை எந்நேரமும் செல்லாததாக்கலாம்.

ஆனால் குறுகிய அனுமதியும் முழுக் காவல் ஆகாது. டோக்கனே திருடு போனால் அந்த உறையிலுள்ள படிகள் ஆபத்துக்குள்ளாகும். மேகக் கட்டடமும் எரியக்கூடும். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசுத் தரவு மையம் தீப்பற்றியது. அரசு ஊழியர்கள் வேலைக் கோப்புகளை வைத்திருந்த ஜி-டிரைவின் 858 டெராபைட் அழிந்தது. அளவு பெரிது என்பதால் வெளியே அதற்குப் படி வைக்கவில்லையாம்! நம் வடிவங்களுக்கு அந்தச் சாக்கும் கிடையாது. ஆயிரம் வடிவங்கள் சேர்ந்தாலும் 30 மெகாபைட்தானே? ஒரு பென் டிரைவில் எழுதி, கழற்றி, வேறு வீட்டில் வைத்துவிடலாம்.

மாணவர்களே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாரேனும் இவ்வாறு இணைத்திருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களுடன் உட்காருங்கள். கோப்பு ஒன்றைத் தேர்ந்து, அதன் சென்ற வாரத்துப் படியை மேகத்திலிருந்து வேறொரு கணிப்பொறியில் இறக்கித் திறந்து பாருங்கள். திறக்கவில்லையேல் ஞாயிறன்றே தெரிந்துகொண்டது நல்லது. முகூர்த்தச் சேலை தறியில் ஏறிய பிறகு தெரிந்து என்ன பயன்? ரெஸ்டிக் கோப்புகளை மறைகுறியாக்கியே அனுப்பும். அதன் கடவுச்சொல் மறந்தால் அதை உருவாக்கியவர்களாலும் திறந்து தர இயலாது. அதைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் பெட்டியில் வையுங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் ஊறும் தறிக்குழிப் பக்கம் மட்டும் வேண்டாம்.