அப்பா கடைச் சுவர்

வானொலிப் பழக்கத்தில் 'வணக்கம் நேயர்களே' என்றுதான் தட்டச்சு செய்தேன். அழித்துவிட்டேன். வணக்கம் வாசகர்களே! இந்த வாரம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

தைப்பிங்கில் தாத்தா காலத்துக் கடைவீட்டில்தான் அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார். மழைக்குப் பேர்போன ஊர். வேலைக்குச் சேர்ந்து கையில் நாலு காசு சேர்ந்ததும், தீபாவளிக்குள் கடையைப் புதுசாக்கிக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன். உதிர்ந்துகொண்டிருந்த சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு சிமெண்டு பூச்சு, மேலே பளபளவென்று சாயம். "எதுக்கும்மா, நல்லாத்தானே இருக்கு?" என்றார் அப்பா. கேட்டேனா? அடுத்த மழையில் சாயம் கொப்பளித்தது. அரிசி அடுக்கிய பக்கம் சுவர் வியர்த்து, அடிமூட்டைகளில் பூசணம் பிடித்தது. ஈரத்தைத் தடுக்கும் சாயம் என்று ஒன்றை விற்றார்கள். அதையும் அடித்தோம். ஈரம் இன்னும் ஓரடி மேலே ஏறியது.

காரணம் தெரிந்தது மலாக்காவில், ஒரு நிகழ்ச்சிக்காகப் போனபோது. ஹீரன் தெரு 8ஆம் எண் வீடு. (ஜாலான் துன் தான் செங் லோக் என்று பெயர் மாறியும் பழைய பெயர் போகவில்லை.) டச்சுக்காரர் ஆட்சியில், 18ஆம் நூற்றாண்டில் கட்டிய கடைவீடு. 1983இல் தொடங்கிய பாடான் வாரிசான் மலேசியா என்ற மரபுக் காப்புச் சங்கம் அதைப் பழுதுபார்த்து, மலாக்காவில் தன் மையமாக்கியது. பழுதுபார்த்த விதத்தையே அங்கே பாடமாக வைத்திருந்தார்கள்.

விளக்கியவரிடம் எங்கள் கடைக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பழைய செங்கல் சுவருக்கு அடியில் ஈரத்தைத் தடுக்க எதுவும் போட்டிருக்க மாட்டார்கள், தரையிலிருந்து ஈரம் ஏறத்தான் செய்யும் என்றார். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விடும், காற்றில் காய்ந்துவிடும். சிமெண்டு வழியை அடைத்துவிடும். போக இடமில்லாத ஈரம் உப்பையும் சேர்த்துக்கொண்டு மேலே ஏறி, செங்கல்லையே அரிக்கும். உதிர்ந்த சுண்ணாம்பைத் திரும்பத் திரும்பப் பூசுவதுதான் அந்தக் காலத்துப் பராமரிப்பாம். அப்பா ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடித்தது காசில்லாமல் என்று நான் நினைத்திருந்தேன்.

மரபுச் சங்கத்தின் கல்விப் பணி என்றாலே மாணவர்களைப் பேருந்தில் ஏற்றிச் சுற்றிக் காட்டுவதுதான் நினைவுக்கு வரும். அதுவும் வேண்டியதுதான். ஆனால் இந்தப் பாடம் முதலில் போய்ச் சேர வேண்டியது வீட்டுக்காரருக்கும் கொத்தனாருக்கும். அந்த வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில், ஜாலான் துக்காங் இமாசில், 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில் இருக்கிறது. அங்கே தேங்காய் உடைக்கப் போகும் நம்மில் எத்தனை பேர் எட்டாம் எண் வீட்டை எட்டிப் பார்த்திருப்போம்? அந்தப் பயணத்துக்கு முன் நான் பார்த்ததில்லை. தைப்பிங் மளிகைக் கடைவரை அந்த அறிவைத் தமிழில் கொண்டுவர ஆளும் இல்லை. மைக்கைக் கையில் வைத்திருக்கும் நானே அரை மணி நேரம் ஒலிபரப்பிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன்.

போன மாதம் பின்சுவரில் மட்டும் சிமெண்டை உடைத்து எடுத்தோம். செங்கல் மேல் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. காய்வதற்கு மாதக்கணக்காகும். அதற்குள் சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனார் ஒருவரைப் பிடிக்க வேண்டும். தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

அப்பா தினமும் காலையில் கடை திறந்ததும் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்கிறார்.

"இன்னும் ஈரம்தாம்மா."